கால் நனையாமல் முல்லைத்தீவுக்கு

வன்னியில் மாரி ஒக்டோபரில் தொடங்கினால் ஜனவரி வரை நீளும். ஆண்டு மழையின் பெரும்பங்கு இந்த மாதங்களிலேயே கொட்டிவிடும். காலபோக வயலில் வேலை இருப்பதும், அரச அலுவலகங்கள் ஆண்டுக் கணக்கை முடிக்க ஓடுவதும் இதே காலத்தில்தான். மழை என்று வீட்டில் இருந்துவிட முடியாது. பேருந்து பிரதான வீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே போகிற கிரவல் வீதியில் ஆசிரியை, குடும்பநல உத்தியோகத்தர், தபாற்காரர், கிராம அலுவலர், வயற்காரர் எல்லாருக்கும் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டியோதான் துணை.

இவர்கள் எல்லாரிடமும் மழைக்கோட்டு இருக்கிறது. தலைக்கவசத்தைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. காலுக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை. நனைந்த காலோடு வகுப்பில் நின்று, மாலையில் அதே ஈரத்தோடு திரும்பி, மறுநாள் காயாத சப்பாத்துக்குள் மறுபடி காலை நுழைக்கிறார்கள். மாரி முழுக்க இப்படியே போகிறது. இது மாற வேண்டும், பெருஞ்செலவு இல்லாமலே மாற்றவும் முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வானத்திலிருந்து விழுகிற மழை பாதத்தை நனைப்பது குறைவு. முன்சில்லு வீதியில் கிடக்கிற தண்ணீரை வாரியெடுத்து, மட்காட்டின் கீழ் விளிம்புக்கு அடியால் நேரே பாதத்தில் அடிக்கிறது. இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் முன் மட்காட் குட்டை. பழைய ரியூப்பில் வெட்டிய ஒரு துண்டு ரப்பரை அதன் நுனியில் பூட்டித் தொங்கவிட்டால், சில்லில் உரசாமலும் நிலத்தில் முட்டாமலும் அது அந்த வீச்சின் பெரும்பகுதியை மறித்துவிடும். எந்தத் திருத்தகத்திலும் சில நிமிட வேலை. மழைக்காலச் செலவுகளில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் காணவில்லை.

அடுத்தது மேலிருந்து வழிகிற தண்ணீர். இருக்கையில் அமர்ந்ததும் மழைக்கோட்டு மடியில் குழிந்து நீர் தேங்கும். அது தொடை வழியே இறங்கிக் காலுறையைப் பிடித்துக்கொண்டால், எவ்வளவு நல்ல சப்பாத்தும் உள்ளிருந்தே நனைந்துவிடும். அழகாக இருக்கும் என்று மழைக் காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகுகிறவர்கள் தண்ணீருக்குத் தாங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறார்கள். காற்சட்டை வெளியே விழ வேண்டும், கணுக்காலில் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். சேலையோடு ஸ்கூட்டி ஓட்டுகிற ஆசிரியைகளுக்குக் கரைதான் சிக்கல். நனைந்த கரை கணுக்காலில் ஒட்டிக்கொண்டு மதியம் வரை காயாது. பாவாடை போன்ற மழை உடையைவிட, கரையை உயர்த்திச் செருகி மேலே போடுகிற அகலக் காற்சட்டையே உதவும்.

வயலுக்குப் போடுகிற கம்பூட்ஸை மோட்டார் சைக்கிளுக்குப் போட முடியாது, கியருக்கடியில் கால் நுழையாது என்பார்கள். கியர் லீவரைப் பிடித்திருக்கிற போல்ட்டைத் தளர்த்தி, லீவரை ஒரு பல் மேலே ஏற்றிப் பூட்டினால் நுழையும். ஏ9 வீதியில் நீண்ட தூரம் போகிறவருக்கு அதுவே என் தெரிவு. வாய்க்காலும் குழியும் தாண்டுகிற குறுகிய கிரவல் ஓட்டத்துக்குப் பின்வார் உள்ள ரப்பர்ச் செருப்பு நல்லது. பூட்ஸுக்கு மேலால் ஒருமுறை தண்ணீர் போய்விட்டால் அன்று முழுக்க அது வெளியேறாது. பாட்டாச் செருப்பு மட்டும் வேண்டாம். சேற்றில் காலூன்றும்போது அது கழன்றுவிடும், வண்டியும் சரியும். எந்தத் திறந்த செருப்பும் விழுந்தால் விரலைக் காக்காது என்பதால் வேகம் குறைய வேண்டும். காலுறைக்கு மேல் பொலித்தீன் பை சுற்றுவது அரைமணி நேரத்துக்கு உதவும். அதற்கு மேல் போனால் எங்கள் வெக்கைக்கு வியர்வையே காலை நனைத்துவிடும்.

எதைப் போட்டாலும், இரட்டைப் பைக்குள் ஒரு துவாயும் காய்ந்த காலுறையும் மாற்றுச் சப்பாத்தும் வண்டியில் இருக்க வேண்டும். பாதையில் நனைவதைவிட, போய்ச் சேர்ந்த இடத்தில் ஈரத்தோடு இருக்கிற மணித்தியாலங்களே காலைக் கெடுக்கின்றன. வியட்நாம் போரில் நெல்வயல்களில் நாட்கணக்காக நடந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பாதங்கள் ஊறி வீங்கி, நடக்க முடியாமல் போயின. தொடர்ந்து தண்ணீரில் நிற்பதை 48 மணித்தியாலத்துக்குள் நிறுத்தி, காலைக் காயவிட வேண்டும் என்பதே இராணுவ மருத்துவர்கள் கண்ட வழி. எங்கள் கால்கள் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வராத மாரி பலருக்கு இல்லை.

ஊறிய தோலும் சிறு வெடிப்பும் எலிக்காய்ச்சலுக்கு வாசல். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலிருந்து கிருமி அந்த வழியாகவே உடம்புக்குள் போகிறது. 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்த நோய்ச் சந்தேகத்தோடு பதிவானார்கள். 2024 டிசெம்பரில் வெள்ளத்தை அடுத்து யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சலும் இதுதான் என்று பரிசோதனையில் உறுதியானது. வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தடுப்பு மாத்திரை கொடுக்கிறது. நாளாந்தம் வெள்ளத்தினூடாக வண்டி ஓட்டுகிறவரும் அங்கே போய்க் கேட்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர் ஒவ்வொரு இரவும் வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தது அவருக்கே தெரியாது.

வன்னியில் செயற்கைக் காலோடு வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான ரப்பர்ப் பாதம் வெறுங்காலாகவே சேற்று வயலில் இறங்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்குகிற ஜெய்ப்பூர் நிறுவனம் எத்தனையோ பேரை மறுபடி நடக்க வைத்திருக்கிறது. பாதம் ஈரத்தைத் தாங்கும். மேலே, குறைந்த காலின் நுனியில் போடுகிற உறை நனைந்தால்தான் ஆபத்து. ஈர உறை தோலை உரசிப் புண்ணாக்கும், புண் ஆறும் வரை காலைப் பூட்ட முடியாது, அத்தனை நாளும் உழைப்பும் போய்விடும். மேலதிக உறை ஒன்று பையில் இருப்பது அவர்களுக்கு அன்றாடச் சோற்றோடு சேர்ந்த விடயம்.

வண்டியோட்டி செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஐம்பது கிலோமீற்றர் சொச்சம் ஓடுகிற ஏ35 வீதியில் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் ஒரு பாலத்தையே உடைத்தது. கிளிநொச்சிப் பக்கத்தில் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் டிசெம்பரில் 120 அடி நீளமான பெய்லி பாலம் அமைத்துப் போக்குவரத்தை மீட்டார்கள். அதே வீதியில் நந்திக்கடலைக் கடக்கிற தாழ்ந்த, ஒடுங்கிய வட்டுவாகல் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டும் வேலை 2025 செப்ரெம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது. குளம் வான் பாய்ந்து தண்ணீர் வீதிக்கு மேலால் ஓடுகிற எந்த இடத்திலும் வண்டியை இறக்காதீர்கள். ஓடுகிற வெள்ளம் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் வண்டியைப் புரட்டும். தேங்கிய நீரைக் கடந்த பிறகும் பிறேக்கை மெல்ல அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓடி அதைக் காயவிடுங்கள்.

பிரதேச செயலகங்களும் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் வாசலருகே ஒரு வாங்கு, ஒரு தண்ணீர்க் குழாய், மழைக்கோட்டுத் தொங்கவிட ஒரு கொடி என்று ஒதுக்கினால், அங்கே வேலை செய்கிறவர்களின் மாரியே வேறாக இருக்கும். பிள்ளைகளுக்கு இன்னும் சிறிய உதவி போதும். தகப்பனின் வண்டியில் பின்னால் ஏறி வருகிற பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து, செம்மண் தண்ணீரில் நனைந்து ஒரே நாளில் நிறம் மாறுகிறது. இரவில் பத்திரிகைத் தாளை உள்ளே அடைத்து, இடையில் ஒருமுறை தாளை மாற்றினால் காலைக்குள் ஓரளவு காயும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும். இரண்டாம் சோடி வாங்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை. நவம்பரிலும் டிசெம்பரிலும் பிள்ளைகள் செருப்போடு வரலாம் என்று அதிபர்கள் காலைக் கூட்டத்தில் ஒருமுறை அறிவித்துவிட்டால், பல வீடுகளில் அந்த இரவு வேலையே இல்லாமல் போகும்.