மணிமுத்தாறு பக்கம் ‘ஃபார்ம் பிளாட்’: வாங்கலாம், வீடு கட்டலாமா?

முன்னாடி மணிமுத்தாறு அணை, பின்னாடி மாஞ்சோலை மலை. அங்க ஒரு மண் வீடு, கையில லேப்டாப். இந்த ஆசை எனக்கும் இருக்கு. ஆனா பி.எஃப். பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி, ‘இயற்கைக் குடியிருப்பு’ன்னு விக்கிற இடத்துல ரெண்டு அடுக்கு விதிகள் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.

முதல் அடுக்கு, அரசு விதி. விவசாய நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரிக்க டிடிசிபி அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போதாது. 2016-ல் அனுமதியில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ‘ஃபார்ம் லேண்ட்’னு விவசாய நிலமாவே எழுதிக் கொடுத்தா பத்திரம் ஆகிடலாம். ஆனா பத்திரம் வேற, கட்டட அனுமதி வேற!

இன்னொண்ணு, பக்கத்துல இருக்கிறது 1988-ல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கிராமம் மலைப்பகுதிப் பட்டியலில் இருந்தால் தனி அனுமதியும் தேவை.

ரெண்டாவது அடுக்கு, குடியிருப்போட சொந்த விதி: காம்பவுண்ட் சுவர் கூடாது, இரவில் விளக்கு குறைவு, குப்பையை வெளியே வைக்கக் கூடாது. இங்கே கரடி ஊருக்குள்ளேயே வரும், அதனால கடைசி விதி அலங்காரத்துக்கு இல்ல. ஆனா இதெல்லாம் பிரோஷர்ல மட்டும் இருந்தா, பக்கத்து மனைக்காரர் மூணு மாடி கட்டும்போது உங்க கையில எதுவும் இருக்காது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்க.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டம்னா ரெரா பதிவு எண்ணைக் கேளுங்க. “இது ஃபார்ம் லேண்ட், ரெரா தேவையில்ல”ன்னு பதில் வந்தா, அங்க வீட்டு மனை விக்கலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க.