குழித்துறை ஆரம்பப் பள்ளிகள்: எதை வச்சு ஒப்பிடுறது?

பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆனதும் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: எந்தப் பள்ளிக்கூடம் நல்லது? அரசுப் பள்ளி, சபைகளும் மற்ற நிர்வாகங்களும் நடத்துற உதவி பெறும் பள்ளி, வேன் அனுப்புற தனியார் பள்ளி என்று மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. அரசு சம்பளம் கொடுக்கும் முதல் இரண்டு வகையை மட்டும் இங்கே பார்க்கலாம்.

மார்க்கை வச்சு இவற்றை ஒப்பிட முடியாது. அஞ்சாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்த தமிழக அரசு, 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளையும் சோதித்தது. ஆனால் அதன் அறிக்கை மாவட்டத்தோடு நின்றுவிடும். கன்னியாகுமரி மாவட்டம் எப்படி என்று சொல்லும், உங்க தெருமுனைப் பள்ளியைப் பற்றிச் சொல்லாது.

பள்ளிவாரியாகக் கிடைப்பது யுடைஸ் பிளஸ் தளத்தில் இருக்கும் விவரம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. வகுப்புவாரியாகப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறை, கழிப்பறை எல்லாம் அதில் பார்க்கலாம். உடனே எல்லாரும் போடுற கணக்கு, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது. அங்கேதான் ஏமாந்து போகிறோம்.

ஒரு உதாரணம். 'அ' பள்ளியில் 40 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள்: ஆளுக்கு 20. 'ஆ' பள்ளியில் 140 பிள்ளைகள், 5 ஆசிரியர்கள்: ஆளுக்கு 28. கணக்குப்படி 'அ' மேல். ஆனால் வகுப்பு ஐந்து. 'அ'வில் ஒருவர் இரண்டு வகுப்பையும் மற்றவர் மூன்று வகுப்பையும் சேர்த்துப் பார்க்கணும். அதில் ஒருவர் தலைமை ஆசிரியரும்கூட. அவர் ஒரு கூட்டத்துக்குப் போனால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். 'ஆ'வில் வகுப்புக்கு ஒருவர் இருக்கிறார்.

அதுக்காகச் சின்னப் பள்ளி மோசம் என்று ஆகிவிடாது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுதான். கைதேர்ந்த டீச்சருக்கு 20 பிள்ளைகளின் பெயரும் தெரியும், தடுமாற்றமும் தெரியும்.

பள்ளியின் வகையும் முக்கியம். காலை உணவு 2023 ஆகஸ்டில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்டிலும் வந்தது. குழித்துறை நகராட்சி. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கக் கிராமப் பள்ளியில் சாப்பாடு கிடைத்த ஒரு வருஷமும் இந்தப் பக்க உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அது இல்லை.

இன்னொன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்கிறது. 61 ஆனால் 3. ஒரு பிள்ளை சேர்ந்தால் ஒரு பணியிடத்துக்கு வழி, ஒரு பிள்ளை போனால் அது கேள்விக்குறி. "அங்க பிள்ளைகளே இல்ல" என்று நாம் ஒதுக்கும்போது, அந்தப் பள்ளியை இன்னும் மெலிய வைக்கிறதும் நாம்தான்.

ஆகவே சேர்க்கும் முன் நேரில் போய் இரண்டு கேள்வி கேளுங்க. இந்த வருஷம் எந்தெந்த வகுப்பு சேர்ந்து உட்காரும்? ஒரு டீச்சர் வராத நாளில் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பாங்க? பதில் சட்டுனு வருதா என்று பாருங்க. எந்த இணையதளமும் தராத தகவல் அது.