டிகிரி படிக்கும் பிள்ளை ஏன் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறது? சந்தேகங்களும் விளக்கங்களும்

கோடை வந்தால் சித்தூர், திருப்பதி மாவட்டக் கிராமங்களில் கழுத்தில் ஐ.டி. கார்டும் கையில் நோட்டுமாகக் கல்லூரிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விசாரிப்பதைப் பார்க்கலாம். வீட்டில் எத்தனை பேர், மாடு எத்தனை, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாங்காய் என்ன விலைக்குப் போனது என்று கேட்பார்கள். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர்களோ என்று பயந்து வாயைத் திறக்காதவர்களும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. அது அவர்கள் படிப்பின் ஒரு பகுதி.

ஆந்திர மாநில உயர்கல்வி மன்றம் 2020-21இல் டிகிரி பாடத்திட்டத்தைத் திருத்தியபோது, மூன்று வருடப் படிப்பில் பத்து மாதத்தை வகுப்பறைக்கு வெளியே வைத்தது. முதல் வருடம் முடிந்ததும் கம்யூனிட்டி சர்வீஸ் ப்ராஜெக்ட், அதாவது சி.எஸ்.பி. இரண்டாம் வருடம் முடிந்ததும் ஒரு குறுகிய இன்டர்ன்ஷிப். மூன்றாம் வருடத்தில் ஒரு முழு செமஸ்டர் இன்டர்ன்ஷிப். திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கும் இதே ஏற்பாடுதான். நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி எழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஃபீஸ் கட்டிச் சேர்த்தது படிக்கவா, தெருத்தெருவாகச் சுற்றவா?

நியாயமான கேள்வி. பி.காம். மாணவன் ஒருவன் விலை, தேவை, அளிப்பு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடுகிறான். அவன் ஊர் பங்காருபாளையம் பக்கம் என்றால், 2025 சீசனில் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்ததை நேரிலேயே பார்த்திருப்பான். மாங்கூழ் ஃபேக்டரி வாசல்களில் டிராக்டர்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. ஃபேக்டரிகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும், ஆக 12 ரூபாய் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அதே மாணவன் பத்து விவசாயிகளிடம் உட்கார்ந்து, மாங்காய் வாங்கும் ராம்ப்பில் என்ன விலை போட்டார்கள், வண்டி எத்தனை நாள் நின்றது, கழிவு என்று எவ்வளவு பிடித்தார்கள், அரசுப் பணம் எப்போது கணக்கில் விழுந்தது என்று எழுதி வரட்டும். பாடப் புத்தகத்து அத்தியாயம் அவனுக்கு வேறு மாதிரி புரியும்.

கணக்கெடுப்பைத் தங்கள் பாடத்தை ஒட்டியே நடத்தலாம் என்று வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. கெமிஸ்ட்ரி மாணவி போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் வீட்டுப் பெண்களுக்கு செல்போனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கலாம். பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் எல்லோரையும் ஒரே ஃபாரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிற கல்லூரி, தனக்குக் கிடைத்த சுதந்திரத்தைக் கையில் எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

என்.எஸ்.எஸ். கேம்ப்பும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வேலைகளிலிருந்து இது தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. என்.எஸ்.எஸ்.ஸில் விரும்புகிறவர்கள் சேர்கிறார்கள். சி.எஸ்.பி. கட்டாயம். ஒருவர் குறைந்தது 180 மணி நேரம் செய்தாக வேண்டும். தினமும் லாக் புக் எழுதி மென்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், வைவாவில் பதில் சொல்ல வேண்டும். கிரேடு மெமோவில் மதிப்பெண்ணும் ஏறும்.

இதற்கு முன்னால் எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

வெகு காலமாக, வெகு பக்கத்திலேயே. 1961இல் தொடங்கிய திருப்பதி எஸ்.வி. வேளாண் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் மற்ற வேளாண் கல்லூரிகளைப் போலவே அங்கேயும் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வது படிப்பின் பகுதி. எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி. அங்கே முதல் வருட மருத்துவ மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து, வீடு வீடாகப் போய் ஜனங்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளச் செய்கிறார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்பே அவர் வீட்டு அடுப்பையும் கிணற்றையும் பார்த்துவிடுகிறார்கள். திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்திலும் மாணவர்களைக் கிராமத்தில் தங்கிப் படிக்கவைக்கும் வழக்கம் உண்டு.

இன்னொரு முன்னோடி பள்ளிக்கூடத்துக்கானது, ஆனால் பிறந்தது பழைய சித்தூர் மாவட்டத்தில். மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்த வேண்டிய சின்னப் பள்ளிகளுக்காகப் படிப்படியான பாட அட்டைகளை உருவாக்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2007இல் அது தமிழ்நாடு முழுக்கப் போனது. அங்கே அட்டைகளை அச்சடித்து அனுப்புவதோடு நிறுத்தவில்லை. ஆசிரியர்களை ரிஷி வேலிக்கே அனுப்பி, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு எப்படி உட்காருவது என்று நேரில் பார்க்கவைத்தார்கள். சி.எஸ்.பி.யில் இந்தப் பாதிதான் குறைகிறது.

பெண் பிள்ளையை எங்கேயோ ஒரு கிராமத்துக்கு எப்படி அனுப்புவது?

எங்கேயோ அனுப்பத் தேவையில்லை. முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்துக் கிராமம் அல்லது வார்டையே ஒதுக்க வேண்டும், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும்படி இருக்க வேண்டும் என்பதுதான் நெறிமுறை. குழுவாகப் போகலாம். தூரத்து ஊரை ஒதுக்கினால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கே எடுக்காமல் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பையனுக்கும் மார்க் வந்துவிட்டதே?

இந்த ஏற்பாட்டின் மேல் ஜனங்களுக்கு இருக்கிற கோபத்தில் பாதி இதுதான். போன வருட ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது நடக்கிறது. ஆனால் லாக் புக்கை யாராவது உட்கார்ந்து படித்தால், பொய் இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்காது. "கிராம மக்களுக்குச் சுகாதார விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது" என்று ஒரு பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். அதை வீட்டில் உட்கார்ந்தே எழுதலாம். இன்னொரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "இன்று பதினோரு வீடு. நான்கு வீட்டில் கழிப்பறைக்குள் விறகு அடுக்கியிருக்கிறார்கள். ஏன் என்றால், தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறதாம்." இதை எழுத அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டும். அதன் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் "டேங்குக்கு யார் பொறுப்பு? கிராம சச்சிவாலயத்தில் கேட்டு எழுது" என்று ஒரு வரி எழுதினால், மறுநாள் அந்தப் பிள்ளை போகும் இடம் மாறும், கேட்கும் கேள்வி மாறும்.

அந்த ஒரு வரியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளையைக் கிராமத்துக்கு அனுப்ப ஒரு சர்க்குலர் போதும். அங்கே பார்த்ததைப் படிப்பாக மாற்ற ஆசிரியர் ஒருவர் வேண்டும், அவருக்கு நேரமும் வேண்டும்.

அப்படியானால் ஆசிரியர்கள் ஏன் படித்துப் பார்ப்பதில்லை?

எல்லோரையும் குறை சொல்ல முடியாது. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். ஒரு முழு வகுப்புக்கே அவர் மென்டர் ஆனால், லாக் புக் படிக்கும் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கெஸ்ட் ஃபேக்கல்டிக்கு நிலைமை இன்னும் மோசம். கோடையில் கிராமத்துக்குப் போய் வந்தால் பஸ் செலவும் அவருடையதே. மாநிலப் பல்கலைக்கழகங்களில் காலியிடங்களும் ஏராளம். 2023இல் 3,220 ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்ததிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

புது முறையைக் கொண்டுவந்தால் அதை நடத்துகிறவருக்குக் கை கொடுக்க வேண்டும். மென்டர் வேலையைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கில் சேர்ப்பது, ஒருவருக்கு இத்தனை பிள்ளைதான் என்று வரம்பு வைப்பது, பயணப்படி கொடுப்பது, இவை மூன்றும் முதல் வேலை. நான்காவது, பெரிய பணம் தேவைப்படாத வேலை: ஒரு டிபார்ட்மென்ட் அதே கிராமத்தை வருடா வருடம் எடுத்துக்கொள்வது. முதல் பேட்ச் எடுத்த தண்ணீர்க் கணக்கோடு இரண்டாவது பேட்ச் தன் கணக்கை ஒப்பிடலாம். இப்போது ஒவ்வொரு பேட்ச்சும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ரிப்போர்ட்டுகள் பீரோவில் தூங்குகின்றன.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர அமைப்பு இல்லையா?

உண்டு. எஸ்.வி. பல்கலைக்கழகத்திலேயே யு.ஜி.சி. உதவியோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடந்தது, பிறகு அது மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023 முதல் நாடெங்கும் இப்படிப்பட்ட மையங்கள் மாளவியா மிஷன் என்ற பெயரில் இயங்குகின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அறிமுகப் பயிற்சியும் மற்றவர்களுக்கு ரெஃப்ரெஷர் கோர்ஸும் தருகிறார்கள். பதவி உயர்வுக்கு இவை தேவை என்பதால் ஆசிரியர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் லெக்சர் கேட்டுவிட்டுச் சான்றிதழோடு போகிறார்கள். லெக்சரைக் குறைத்து, பத்து லாக் புக்கை மேஜையில் போட்டு, எதற்கு என்ன கேள்வி எழுதலாம் என்று ஒரு நாள் பழகவைக்கலாம்.

தமிழ் வீடுகளில் எந்த மொழியில் கேட்பது?

வீட்டுக்காரர் பேசுகிற மொழியில். நகரி, சத்தியவேடு பக்கம் தமிழும் தெலுங்கும் தெரிந்த பிள்ளைகள் குழுவுக்கு ஒருவராவது இருப்பார்கள். நேர்காணலைத் தமிழில் எடுத்து, ரிப்போர்ட்டைக் கல்லூரி கேட்கும் மொழியில் எழுதலாம்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்குப் பணம் கேட்கிறார்களே?

கொடுக்காதீர்கள். வேலை செய்யாமல் காசு கொடுத்து வாங்கிய காகிதம் ஒரு செமஸ்டரை வீணாக்கும். ஸ்ரீசிட்டி ஃபேக்டரிகள், காலஹஸ்தி கலம்காரிப் பட்டறைகள், கூட்டுறவு வங்கி, உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸ் என்று இடங்கள் இருக்கின்றன. தேடித் தருவதில் கல்லூரிக்கும் பொறுப்பு உண்டு. ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பை எடுப்பதாக இருந்தால், முதலில் கல்லூரி அதை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்வயம் ஆன்லைன் வகுப்பு களப்பணிக்குப் பதிலாகுமா?

ஆகாது. 2021 யு.ஜி.சி. விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் தளத்தில் படிக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். அது பாடத்துக்கு மாற்று, களப்பணிக்கு மாற்று அல்ல.

பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

பாடத்திட்டம் அடிக்கடி மாறுவதால் உங்கள் பிள்ளையின் பேட்ச்சுக்கு எந்த ரெகுலேஷன் என்று முதலில் கேளுங்கள். மென்டர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். லாக் புக்கை ஒரு முறை வாங்கிப் புரட்டுங்கள். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டது போலத் தெரிந்தால், பிரின்சிபாலைப் போய்ப் பாருங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால், பல்கலைக்கழகத்தில் கல்லூரி வளர்ச்சிக் குழு டீன் அலுவலகம் இருக்கிறது. எழுத்து மூலமாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.