பந்தயத்தை வெல்வது பணமா, பொறியாளரா?

பார்முலா ஒன் கார் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது பணமா, பொறியாளரின் திறமையா என்னும் கேள்விக்கு 2009ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று வேறில்லை. பெரும் பணத்தோடு களமிறங்கிய டொயோட்டா, எட்டுப் பருவங்களில் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாமல் அவ்வாண்டின் இறுதியில் விலகியது. பெயரளவுக்கு ஒரு பவுண்டு விலையில் கைமாறிய பிரான் ஜிபி அணியோ, அதே ஆண்டில் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் ஆகிய இரண்டையும் வென்றது. அறிவு பணத்தை வென்ற கதையாகவே இது பலராலும் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான்.

இப்பந்தயத்தில் காரை வடிவமைப்பது ஒவ்வோர் அணியின் பொறுப்பு. காரின் மேலும் அடியிலும் பாயும் காற்று அதைத் தரையோடு எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறதோ, அந்த அளவுக்கு டயர்களின் பிடிமானம் கூடி, வளைவுகளை வேகமாகக் கடக்க முடிகிறது. காரின் சிறிய மாதிரியை நிறுத்தி வைத்து அதன்மீது காற்றைச் செலுத்தி அளக்கும் காற்றுச் சுரங்கத்தில்தான் இது சோதிக்கப்படுகிறது. தம் யோசனைகளில் எது பயன் தரும் என்பதை எந்தப் பொறியாளரும் முன்கூட்டியே அறிய முடியாது என்பதால், பணம் உண்மையில் வாங்கித் தருவது வெற்றியை அன்று. மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையே.

அந்த வாய்ப்பு டொயோட்டாவுக்குக் குறைவின்றி இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் அது அமைத்த காற்றுச் சுரங்கத்தைத்தான் மெக்லாரன் அணி பத்தாண்டுக்கும் மேலாக, 2023 வரை, வாடகைக்குப் பயன்படுத்தி வந்தது.

பிரான் அணியின் புகழுக்குக் காரணமான இரட்டை டிஃப்யூசரும் டொயோட்டாவிடம் இருந்தது. டிஃப்யூசர் என்பது காரின் அடியில் பாயும் காற்று விரிந்து வெளியேறுவதற்காகப் பின்புறத்தில் மேல்நோக்கிச் சரிந்து அமைந்த பகுதி. காற்று எவ்வளவு நன்றாக விரிகிறதோ, அடியில் அழுத்தம் அவ்வளவு குறைந்து கார் தரையை நோக்கி இழுக்கப்படும். 2009இல் புதிய விதிகள் இதன் அளவைக் குறைத்தபோது, அவ்விதிகளின் வாசகத்தில் இருந்த இடைவெளியைக் கண்டு இன்னோர் அடுக்கைச் சேர்த்தவை பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகள். அவற்றுள் பட்டம் வென்றது ஒன்றே என்பதால், ஓர் உத்தியை அறிந்திருப்பது வேறு, காரின் எல்லா உறுப்புகளையும் அதற்கு இசைய அமைப்பது வேறு என்பது விளங்கும்.

ஆனால் பட்டம் வென்ற பிரான் அணியின் கார் வறுமையில் பிறந்ததன்று. அணியின் முந்தைய உரிமையாளரான ஹோண்டா, 2008 டிசம்பரில் விலகும்வரை அதற்குத் தாராளமாகச் செலவிட்டிருந்தது. தலைமைப் பொறுப்பில் இருந்த ராஸ் பிரான், 2008 பருவத்தின் வெற்றி வாய்ப்பைப் பொருட்படுத்தாமல் உழைப்பை அடுத்த ஆண்டின் காருக்கே திருப்பியிருந்தார். துணிச்சலான அந்த முடிவு அவருடையது; அதற்கான செலவு ஹோண்டாவினுடையது. 2009இன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்ற பிரான் அணி ஓட்டுநர் ஜென்சன் பட்டன், எஞ்சிய பத்தில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. மற்ற அணிகள் இரட்டை டிஃப்யூசர் உத்தியைப் பின்பற்றிக் காரை மேம்படுத்திக்கொண்டே போக, பிரான் அணியிடம் அதற்குப் போதிய பணம் இல்லை. தொடக்கத்தில் சேர்த்த புள்ளிகளே பட்டத்தைக் காத்தன.

பணத்தின் இந்தப் பங்கைக் கட்டுப்படுத்த, 2021இல் அணிகளின் செலவுக்கு 14.5 கோடி டாலர் என உச்சவரம்பு வந்தது. ஓட்டுநர் ஊதியம் இதில் சேராது என்பது குறையே. இதனுடன், பட்டம் வென்ற அணிக்குக் காற்றுச் சுரங்க நேரம் மிகக் குறைவாகவும், கடைசி இடத்தில் உள்ள அணிக்கு மிகுதியாகவும் ஒதுக்கப்படுகிறது. பணம் வாங்கித் தந்த சோதனை வாய்ப்பையே இம்முறை நேரடியாகப் பங்கிடுவதால், உச்சவரம்பைவிட இதுவே நியாயமான ஏற்பாடு எனலாம்.

2021இல் வரம்பை மீறிய ரெட் புல் அணிக்கு 70 லட்சம் டாலர் அபராதத்தோடு, சோதனை நேரத்தில் 10 விழுக்காடு குறைப்பும் விதிக்கப்பட்டது. மற்ற எல்லா அணிகளையும்விடக் குறைந்த சோதனை நேரமே கிடைத்த நிலையிலும், அட்ரியன் நியூவி போன்ற வடிவமைப்பாளர்களைக் கொண்டிருந்த அந்த அணி, 2023இல் நடந்த 22 பந்தயங்களில் 21இல் வென்றது. போதிய பணம் எல்லோர் கையிலும் இருக்கும்போது, வேறுபாட்டை உண்டாக்குபவர் பொறியாளரே.