அமெரிக்காவில் வைத்தியக் காப்புறுதி தெரிவுசெய்யும் காலம்

அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் இலங்கையருக்கு, ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டின் இறுதி மாதங்களில் நிகழும் ஒரு காரியம் வியப்பையே தரும். அங்கே கணவனும் மனைவியும் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, வரும் ஆண்டில் வீட்டில் யாருக்கு என்ன நோய் வரக்கூடும் என எண்ணிப் பார்க்கின்றனர். சோதிடம் போலத் தோன்றும் இக்கணக்குப் பிழைத்தால், சேமித்து வைத்த பணம் ஒரே நோயிற் கரைந்துவிடவுங் கூடும்.

இம்முறை பள்ளிக்கூட ஆசிரியரிடமிருந்து தொடங்கியதென்பது பலர் அறியாதது. 1929ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில், பேலர் பல்கலைக்கழக வைத்தியசாலையை நிருவகித்த ஜஸ்டின் கிம்பல் என்பார், ஆசிரியர்கள் மாதம் 50 சதம் செலுத்தினால் ஆண்டில் 21 நாள் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறலாம் என ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. தொழில் தருவோர் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதி வழங்கி ஊழியரைக் கவர்ந்தனர். அவ்வழக்கம் இன்றும் நிலைத்திருக்கின்றது. தொழில்வழிக் காப்புறுதி இல்லாதோர், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பொதுச் சந்தையில் அதனை வாங்குகின்றனர்.

வாங்குவதற்கு வாயில் எப்பொழுதும் திறந்திருப்பதில்லை. பொதுச் சந்தையின் வாயில் பெரும்பாலும் நவம்பர் 1ஆந் திகதி திறக்கும். மூடும் நாள் ஆண்டுக்கும் மாநிலத்துக்கும் ஏற்ப வேறுபடும். விவாகம், குழந்தைப்பேறு, தொழிலிழப்பு முதலியன நேர்ந்தாலன்றி இடையில் மாற்றமுடியாது. நோய் வந்தபின் காப்புறுதி வாங்கலாம் என எல்லாரும் காத்திருந்தால் காப்புறுதி நிதி நிலைக்காது, அதனாலேயே இவ்விதி.

விளம்பரத் தாள்களிற் பெரிய எழுத்தில் அச்சாவது மாதக் கட்டுப்பணம். மக்களும் அதனையே முதலிற் பார்க்கின்றனர். ஆயின் செலவு அதனோடு முடிவதில்லை. டிடக்டிபிள் எனப்படும் தொகையளவு செலவை நோயாளியே முதலில் ஏற்கவேண்டும். அதன்பின்னரும் ஒவ்வொரு செலவிலும் ஒரு பங்கு அவரைச் சாரும். நோயாளி செலுத்தும் இவ்விரண்டும் ஓர் உச்சவரம்பை எட்டியபின்னரே மீதி முழுவதையும் நிறுவனம் ஏற்கும். 2025ஆம் ஆண்டுக்கு ஒருவர்க்கு இவ்வரம்பு 9,200 டொலருக்கு மேற்படலாகாது எனச் சட்டம் விதித்தது. கட்டுப்பணம் அவ்வரம்பிற் சேராது. தடுப்பூசி முதலிய சில தடுப்புச் சேவைகளுக்கு மாத்திரம் தொடக்கத்திலேயே கட்டணமில்லை.

உதாரணமாக இரு திட்டங்களைக் கொள்வோம். முதலாவதற்குக் கட்டுப்பணம் மாதம் 200 டொலர், டிடக்டிபிள் 6,000, உச்சவரம்பு 9,000. இரண்டாவதற்குக் கட்டுப்பணம் 400, டிடக்டிபிள் 1,000, உச்சவரம்பு 4,000. நோயே அணுகாத ஆண்டில் முதலாவது 2,400 டொலருடன் முடியும்; இரண்டாவதற்கு 4,800 செல்லும். பெருநோய் கண்ட ஆண்டிலோ முதலாவது 11,400 ஆகும். இரண்டாவது 8,800இல் நின்றுவிடும். நடுத்தர நோய் வந்து 5,000 டொலர் செலவானால் என்ன? முதலாவதில் அவ்வளவும் நோயாளியின் தலையில் விழ, மொத்தம் 7,400. இரண்டாவதில் டிடக்டிபிள் போக எஞ்சிய 4,000இல் ஐந்திலொரு பங்கு அவருடையதெனின், மொத்தம் 6,600. திடகாத்திரமான இளைஞர், சேமிப்பும் உடையவராயின், முதலாவதைக் கொள்ளலாம். நீரிழிவு உள்ளவரும் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் குடும்பத்தினரும் மலிவென்று அதனை எடுப்பது விவேகமன்று.

தொகை பொருந்தினும் வைத்தியர் பொருந்தவேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உடன்படிக்கை செய்த வைத்தியர் பட்டியல் உண்டு. சில திட்டங்களில், பட்டியலுக்குப் புறம்பான வைத்தியரிடம் அவசரமன்றிச் சென்றால் முழுச் செலவும் நோயாளியினதே. அச்செலவு உச்சவரம்பிலும் எண்ணப்படாது. நாள்தோறும் உண்ணும் மருந்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. பழைய திட்டம் பல வேளைகளில் தானாகவே புதுப்பிக்கப்படுவதால், பலர் இவற்றைத் திரும்பப் பார்ப்பதேயில்லை. சென்ற ஆண்டு இருந்த வைத்தியர் இவ்வாண்டுப் பட்டியலில் இல்லையென்பதை அவர்கள் வைத்தியசாலைப் படியேறிய பின்னரே அறிகின்றனர். அப்பொழுது வாயில் மூடியிருக்கும்.