அனுப்பும் வேகத்தையும் எழுதி வாங்குங்கள்

திருமண வீடியோவை வெளியூர் எடிட்டருக்கு அனுப்பும் ஸ்டூடியோ, சிடி ஸ்கேன் படங்களைத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பும் பரிசோதனை நிலையம், டிசைன் கோப்புகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் திருப்பூர் ஏற்றுமதியாளர் ஆகியோருக்குத் தொழில் ஓடுவது பதிவேற்ற வேகத்தில். விளம்பரம் பெரிதாகச் சொல்வதோ பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தை.

200 எம்பிபிஎஸ் இணைப்பில் பதிவேற்றம் 20 தான் என்றால், 9 ஜிபி வீடியோ போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். இரு பக்கமும் 200 தரும் சமச்சீர் இணைப்பில் அதே வேலை ஆறு நிமிடத்தில் முடியும்.

எங்கே ஏமாறுகிறோம்?

சமச்சீர் என்றாலே தனி இணைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பரவலாக உள்ள ஜிபான் ஃபைபரில் ஒரே இழை 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிகிறது. அத்தனை பேருக்கும் சேர்த்து இறங்கும் திசையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறும் திசையில் அதில் பாதி. எல்லோரும் பயன்படுத்தும் நேரத்தில் வேகம் சரியலாம். உங்களுக்கென ஒதுக்கப்படும் லீஸ்டு லைனின் கட்டணம் பல மடங்கு அதிகம். ஆனால் வேகம், பழுது நீக்கும் கெடு, தவறினால் கட்டணக் கழிவு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறலாம்.

கையெழுத்துக்கு முன்

பதிவேற்ற வேகம், டேட்டா வரம்பு, வரம்பு தாண்டியபின் வேகம், பழுது நீக்கும் கெடு இவை நான்கும் எழுத்தில் இருக்கட்டும். உள்ளூர் கேபிள் டிவிக்காரர் மூலம் வாங்கினாலும், உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில் ரசீது கேளுங்கள். வாய்வார்த்தையை எந்த மன்றத்திலும் நிரூபிப்பது கடினம்.

குறை வந்தால்

வைஃபையில் சோதிக்காதீர்கள். கணினியை ரவுட்டருடன் லேன் கேபிளில் இணைத்து, காலை, மதியம், இரவு என வேகத்தைச் சோதித்துப் படமெடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் சேவை மையத்தில் புகார் செய்து, அதன் பதிவு எண்ணான டாக்கெட் எண்ணைப் பெறுங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால், அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை. தனிநபர் புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர் பிரிவை அணுகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் விதிவிலக்குக் கோரி வாதிடலாம். பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டதே. அதற்கு எஞ்சும் பாதுகாப்பு ஒப்பந்தம்தான். ஆகவே பதிவேற்ற வேகத்தைக் குறிப்பிடாத விண்ணப்பத்தில் கையெழுத்திடாதீர்கள்.