ஓடுவோர் சிலர், பார்ப்போர் பலர்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்" என்பது ஆன்றோர் வாக்கு. இப்பழமொழியை விளக்கிக் கட்டுரை வரைக என்று, ஊரில் ஆசிரியராய் இருந்த காலத்தில் நாம் மாணவரைக் கேட்டோம். இங்கு ஒஸ்லோவில் சனிக்கிழமை தோறும் கூடும் தமிழ்ப் பள்ளியிலும் கேட்கின்றோம். பிள்ளைகளும் பிழையின்றி எழுதித் தருகின்றனர். எழுதி முடித்த பிள்ளை அன்று மாலை ஓடியதா, விளையாடியதா என்று மட்டும் நாம் கேட்பதில்லை. ஆண்டு விழா மலரின் இப்பக்கங்களில் அவ்வினாவையே எழுப்ப விரும்புகின்றோம்.

ஒரு சமூகத்தில் சிலர் சிறந்த வீரராவது வேறு. அச்சமூகம் முழுவதும் உடற்பயிற்சியைத் தன் வாழ்வில் ஒரு பகுதியாக்கிக் கொள்வது வேறு. முதலாவதைப் போற்ற நாம் நன்கறிவோம். இரண்டாவதை எவ்வாறு வளர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஊரில் நாம் நடத்திய போட்டி

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் அது ஒரு திருவிழா. சுண்ணாம்பினால் கோடிட்ட ஓடுபாதை, தென்னோலையும் வண்ணத்தாளும் கொண்டு சோடித்த இல்லங்கள், அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, இறுதியில் பழைய மாணவர் ஓட்டம் என அந்த நாள் கோலாகலமாகக் கழியும். நாமும் ஓர் இல்லத்தின் பொறுப்பாசிரியராய் நின்று அதனை நடத்தியவரே.

ஆனால், அந்தத் திருவிழாவுக்கு முன்னர் தெரிவுப் போட்டிகள் நடைபெறும். அவற்றில் முந்தியவர் மட்டுமே பெருநாளில் ஓடுவர். ஏனையோர் தண்ணீர் அள்ளுவர், இல்லம் சோடிப்பர், கைதட்டுவர். மாணவி ஒருத்தி ஆண்டு தோறும் தெரிவுப் போட்டியில் கடைசியாகவே வந்தாள். ஒரு முறை அவள் எம்மிடம் வந்து, "சேர், நான் வெல்லமாட்டன் எண்டு தெரியும். போட்டியண்டு ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?" என்று கேட்டாள். "நேரம் போதாது பிள்ளை, நீ போய் இல்லத்தைச் சோடி" என்று விடையிறுத்தோம். அவள் மறுபேச்சின்றிப் போய்ச் சோடித்தாள். அவ்வாண்டு எமது இல்லத்துக்கு அலங்காரத்தில் முதலிடம் கிடைத்தது. அன்று அதனை எண்ணி மகிழ்ந்தோம். இன்று எண்ணுகையில் நெஞ்சு உறுத்துகின்றது. அவளுக்கு நாம் கற்பித்த பாடம், "விளையாட்டு உனக்குரியதன்று" என்பதேயாகும்.

இது ஒரு பள்ளியின் குறையன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. "வடக்கின் பெரும்போர்" என்று நாம் பெருமையுடன் அழைப்பது. மைதானத்தில் ஆடுவோர் அணிக்குப் பதினொருவர். சுற்றி நின்று ஆரவாரிப்போர் ஆயிரக்கணக்கானோர். மத்திய கல்லூரியின் மைந்தர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவில் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது நம் தலை நிமிர்கின்றது. ஆயினும், ஒருவர் பாய்ந்தமையால் ஊரார் அனைவருக்கும் உடல் நலம் வாய்த்துவிடாது. சமைத்தவர் ஒருவராயினும் பசி தீர அவரவரே உண்ண வேண்டும் அல்லவா?

அயலிலுள்ள ஒரு குடியிருப்பின் அனுபவம்

ஒஸ்லோவின் குறூருட் பள்ளத்தாக்கில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். அங்குள்ள றொம்ஸோஸ் என்னும் குடியிருப்பில், 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பல நாட்டவர் நெருங்கி வாழும், வருமானம் குறைந்த பகுதி அது. 30 முதல் 67 வயது வரையிலான மக்களிடையே நீரிழிவையும் இருதய நோயையும் தடுக்கும் பொருட்டு, அவர்களை உடற்பயிற்சியில் ஈடுபடுத்துவதே திட்டத்தின் நோக்கம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அத்தகைய மக்கள் வாழும் புறூசெத் என்னும் அயற்பகுதியும் தெரிந்தெடுக்கப்பட்டது.

அவர்கள் செய்தவை யாவை? துண்டுப் பிரசுரம் வழங்கியதோடு நின்றுவிடவில்லை. கூடி நடக்கும் குழுக்களை அமைத்தனர். குறைந்த கட்டணத்தில் பயிற்சி வகுப்புகளை நடத்தினர். நடைபாதைகளுக்கு வழிகாட்டிப் பலகை இட்டனர், தெருவிளக்குகளைச் சீராக்கினர், மாரி காலத்தில் பாதைகளில் வழுக்காதிருக்கச் சிறுகற்களைத் தூவினர். இறுதியிற் கூறியது அற்பமாகத் தோன்றலாம். உறைபனியில் வழுக்கி விழுந்து கை முறிந்த நம் தாய்மாரைக் கேட்டால் அதன் அருமை விளங்கும். "நடவுங்கள்" என்று கூறுவது எளிது. நடப்பதற்கு அச்சமற்ற பாதை வேண்டும்.

மூன்று ஆண்டுகளின் பின், 2003இல், மீண்டும் அளந்து பார்த்தனர். புறூசெத்துடன் ஒப்பிடுகையில் றொம்ஸோஸ் மக்களிடையே உடற்பயிற்சி கூடியிருந்தது. உடல் எடை அதிகரித்தோரின் விகிதம் குறைந்திருந்தது. இவர்கள் எவரும் வீரராகவில்லை. பதக்கம் பெறவும் இல்லை. வாய்ப்பு வீட்டுக்கு அருகில், மலிவாக, அச்சமின்றி, பழகிய முகங்களோடு கிடைத்தால் மக்கள் வருவர் என்பதே நாம் இங்கு கற்க வேண்டிய பாடம்.

இப்பாடம் நமக்கு மிகவும் வேண்டியது. தெற்காசிய மக்களுக்கு நீரிழிவு ஏனையோரைவிட இளவயதிலேயே, உடல் அதிகம் பருக்காத நிலையிலேயே வந்துவிடுகின்றது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. நாமும் இதற்கு விலக்கானவரல்லர். நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளில், மருந்துச் சீட்டை நீட்டிய வைத்தியர், "நாள்தோறும் நடக்கின்றீர்களா?" என்று கேட்டார். மாணவருக்குச் சுகாதாரம் கற்பித்த நாம் விடை கூற முடியாமல் தலைகுனிந்து இருந்தோம்.

சிறுவருக்கென ஒரு நீதி

பெரியவர்கள் நிலை இவ்வாறிருக்க, சிறுவரின் விளையாட்டைப் பற்றி இந்நாட்டார் கொண்டுள்ள கொள்கையையும் அறிவது நன்று. நோர்வே விளையாட்டுச் சம்மேளனம் 1987இல் சிறுவர் விளையாட்டுக்கென விதிகளை ஏற்றுக்கொண்டது. 2007இல் அவற்றோடு சிறுவரின் உரிமைகளையும் வகுத்தது. பாதுகாப்பு, நட்பும் மகிழ்ச்சியும், "என்னால் முடியும்" என்னும் உணர்வு, தம் கருத்தைக் கூறுதல், விளையாட்டைத் தாமே தெரிதல், போட்டியிடுவதா இல்லையா என்று தாமே முடிவு செய்தல், சிறுவரின் இயல்புக்கேற்ற பயிற்சி ஆகியன அவ்வுரிமைகளாம்.

அவ்விதிகளின்படி, பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுக்கு முன்னர் பெறுபேற்றுப் பட்டியல், தரவரிசை என்பன வெளியிடப்படுவதில்லை. 13 வயதாகும் ஆண்டுக்கு முன்னர் தேசியச் சுற்றுப் போட்டி இல்லை. சிறுவர் விளையாட்டில் பரிசு கொடுப்பதாயின் அனைவருக்கும் கொடுக்க வேண்டும். இவற்றை முதன்முதலாகக் கேள்வியுற்றபோது, "இது என்ன விளையாட்டு? வெற்றி தோல்வி இன்றேல் பிள்ளைக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?" என்று நாமும் நகைத்தோம்.

ஆனால் விளைவைப் பாருங்கள். ஏறக்குறைய 55 இலட்சம் மக்களைக் கொண்ட இச்சிறு நாடு, 2018இல் பியோங்சாங் மாரிகால ஒலிம்பிக் விழாவில் 39 பதக்கங்களையும், 2022இல் பெய்ஜிங்கில் 16 தங்கப் பதக்கங்களையும் வென்று, அவ்விரு விழாக்களிலும் முதலிடம் பெற்றது. இதற்குப் பனியும் மலையும் பணவளமும் காரணங்களே. எனினும், சிறுவயதில் எவரையும் கழித்துவிடாமையினால் வெற்றி குன்றிவிடவில்லை என்பது தெளிவு. பத்து வயதில் பின்தங்கிய பிள்ளை பதினாறில் முந்தக்கூடும். அதுவரை அப்பிள்ளை மைதானத்தில் இருந்தாலன்றோ முந்தும்?

இங்குள்ள விளையாட்டுக் கழகங்களைத் தாங்கி நிற்பது "டுக்னாட்" எனப்படும் கூட்டுப்பணி. நம் ஊரின் சிரமதானத்தை ஒத்தது அது. பெற்றோரே பயிற்றுநராகின்றனர், வாபிள் சுட்டு விற்று நிதி சேர்க்கின்றனர், முறை வைத்து வாகனம் ஓட்டுகின்றனர். நம்மவருட் பலர் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகின்றோம். மொழி தெரியாத கூச்சமே பெருங்காரணம். வாபிள் சுடுவதற்கும் பந்து பொறுக்குவதற்கும் இலக்கணப் பிழையற்ற நோர்வேஜிய மொழி வேண்டியதில்லை. பெற்றோர் கூட நிற்கும் பிள்ளைக்குக் கழகம் அந்நியமாகத் தோன்றாது. உபகரணங்களின் விலையை எண்ணித் தயங்குவோர், 2014இல் தொடங்கப்பட்ட "பூஆ" என்னும் அமைப்பின் நிலையங்களில் பனிச்சறுக்குப் பலகை முதலியவற்றை இலவசமாக இரவல் பெறலாம்.

நம் இல்லங்களில்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் நம் பிள்ளைகள் பலர் விளையாட்டைக் கைவிடுகின்றனர். ஆண்பிள்ளைக்கு ரியூசன் குறுக்கிடுகின்றது. பெண்பிள்ளையாயின், "பெரியபிள்ளையாகிவிட்டாள், இனி என்ன ஓட்டமும் பாய்ச்சலும்?" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கின்றது. ஊரிலே பெண்பிள்ளைகள் வலைப்பந்தாட்டம் ஆடவில்லையா? யாழ்ப்பாணத்து மண்ணில் வளர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடி, 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியிலும் இடம்பெற்றார். அவருடைய பெற்றோரும் நம்மைப் போன்ற தமிழ்ப் பெற்றோரே.

படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சம் தேவையற்றது. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. அவ்வியக்கம் கற்றலுக்கும் மனநலத்துக்கும் துணை செய்யும் என்றும் அது குறிப்பிடுகின்றது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி விதிக்கப்பட்டுள்ளது. ரியூசனுக்கு அட்டவணை வகுக்கும் நாம் அதிலே ஒரு மணித்தியாலத்தை விளையாட்டுக்கு ஒதுக்க இயலாதா?

நீச்சலையும் மறத்தலாகாது. ஆழமான நீரில் விழுந்து, முன்புறமாக 100 மீற்றர் நீந்தி, இடையில் மூழ்கிப் பொருளொன்றைக் கையால் எடுத்து, மிதந்து இளைப்பாறி, பின் மல்லாந்து 100 மீற்றர் நீந்துவோரையே இந்நாட்டுப் பள்ளிகள் நீச்சல் அறிந்தவர் எனக் கொள்கின்றன. கடல் சூழ்ந்த குடாநாட்டில் பிறந்தும் நீந்தத் தெரியாத பெற்றோர் நம்மிடையே பலர். ஏரிகளும் கடலோரங்களும் நிறைந்த இந்நாட்டில் இது உயிர் காக்கும் கல்வியாகும்.

தமிழ்ப் பள்ளி ஆற்றக்கூடியவை

இனி, இவற்றை நமது பள்ளியில் எவ்வாறு தொடங்கலாம்? நான்கு கருத்துகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, சனிக்கிழமைகளில் பிள்ளைகள் உள்ளே தமிழ் பயிலும் வேளையில், பெற்றோர் நடைகூடத்தில் தேநீருடன் காத்திருக்கின்றனர். அந்நேரத்தில் முக்கால் மணித்தியாலம் கூடி நடப்போம். ஊர்க் கதையை நடந்துகொண்டும் பேசலாம்! அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் வரத்தக்க மெதுவான குழுவொன்றும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடைவேளையில் இருபது நிமிடம் கிளித்தட்டு விளையாடச் செய்வோம். தரையில் கோடுகள் போதும், வேறு செலவில்லை. குறுக்குக் கோடுகளில் மறிப்போரையும் எங்கும் ஓடும் கிளியையும் ஏய்த்துக் கடப்பதற்குக் கால் வலிமையோடு கூர்மையும் வேண்டும். ஆதலால் மெதுவாக ஓடும் பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. "மறி", "தட்டு", "கோடு" என்னும் தமிழ்ச் சொற்களும் தாமாகவே நாவில் ஏறும்.

மூன்றாவது, பள்ளியின் வருடாந்த விளையாட்டு விழாவில் தெரிவுப் போட்டியை நீக்குவோம். பதினொரு வயதுக்குட்பட்டோருக்கு இடங்களை அறிவியாது அனைவருக்கும் ஒரே பதக்கம் வழங்குவோம். மூத்தோருக்குக் கிண்ணங்கள் இருக்கட்டும். ஆயினும் ஒவ்வொரு மாணவரும் ஒரு நிகழ்ச்சியிலேனும் பங்குபற்ற வேண்டும் என்பது விதியாகட்டும்.

நான்காவது, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரேனும் தம் பிள்ளையின் கழகத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது டுக்னாட் பணியில் சேர வேண்டும்.

இவற்றால் நேரம் சற்று நீளும். விழா மாலை ஆறு மணியைக் கடக்கலாம். "நேரம் போதாது" என்று அன்று நாம் ஒரு பிள்ளைக்குக் கூறினோம். அப்பிள்ளை இன்று எந்நாட்டில் இருக்கின்றாள் என்று அறியோம். அவளுக்குக் கொடுக்கத் தவறிய அந்த ஓடுபாதையை அவள் வயதுப் பிள்ளைகளுக்கேனும் கொடுக்க விழைகின்றோம்.

மாணவச் செல்வங்களே! அடுத்த விளையாட்டு விழாவில் கடைசியாக ஓடி வருபவர் எல்லைக்கோட்டைத் தொடும் வரை எவரும் ஓடுபாதையை விட்டு அகலாதீர்கள். பெற்றோர்களே! அப்பிள்ளை வந்து சேரும் வரை உங்கள் கைதட்டலும் ஓயாதிருக்கட்டும்.